ஒன்பதாம் எண் மடல்

மதுரை,
3-10-82, ஞாயிறு.

அன்பு மகள் கனகலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பெருமாள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பதாக உன் கடிதத்தில் பார்த்தோம், அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு அதிகம்தான், ஆனால் சொன்னால் கேட்கிறவளா, புரட்டாசிச் சனிக்கிழமை மூன்றுக்கும் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போய் வந்துவிட்டு, இப்போது காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கப்பலூரில் எங்கள் பாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, மீதி நாள் கரண்ட் இல்லை. ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டு நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவையும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மாசியோடு ரிட்டையர். குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வயிறு கொஞ்சம் இளகும், பயப்படாதே, காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் மட்டும் கொடு.

நம் ரேடியோ மன்றத்து மடல் ஏன் வரவில்லை என்று மூன்று கடிதங்களிலும் கேட்டிருந்தாய். முதல் தடவை ஸ்டென்சில் தாள் கிடைக்கவில்லை என்று எழுதினேன். இரண்டாம் தடவை கண் வலி என்றேன். மூன்றாம் தடவை அந்தக் கேள்வியே உன் கடிதத்தில் இல்லாததுபோல் மற்றதுக்கெல்லாம் பதில் எழுதினேன். நீ திரும்பவும் கேட்டிருக்கிறாய். வீட்டில் பேசுகிற நம் மொழியில் நேரில் சொல்வதானால் இரண்டு வார்த்தையில் அழுது முடித்திருப்பேன். எழுதத் தெரிந்தது தமிழ்தான் என்பதால் நீளும், பொறுத்துக்கொண்டு படி. மாப்பிள்ளையிடம் பிறகு காட்டலாம், முதலில் நீ தனியாகப் படி.

நாம் இருவருமாகச் சிற்றலை நேயர் மன்றம் ஆரம்பித்தபோது வந்த கேள்விக் கார்டுகளுக்கெல்லாம் நீதான் பதில் எழுதினாய். லண்டன் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் நம் நேரம் வரும், வெளிநாட்டு ஸ்டேஷன்காரன் படம் போட்ட கார்டு அனுப்ப அவனுக்கு என்ன எழுத வேண்டும், ஏரியல் கம்பி எத்தனை அடி, இந்த மூன்றைத்தான் ஊரில் உள்ள அத்தனை பேரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நீ ஒவ்வொருவருக்கும் முதல் வரியில் அவர் ஊர் பெயரைப் போட்டு, முழுப் பதிலையும் புதிதாக எழுதுவாய். ஏற்கெனவே சொன்னோமே என்று ஒரு கார்டில்கூட நீ எழுதியதில்லை. அவர்கள் எழுத்துப்பிழையைப் பார்த்து நான் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். இப்படி அச்சடித்த மாதிரி முப்பது தடவை எழுதுகிறாயே, கை வலிக்காதா என்று நான் சத்தம் போட்டபோது, நமக்குத்தான் அப்பா முப்பது, அவருக்கு ஒன்று என்றாய். உனக்குக் கல்யாணமாகிப் போனபின் அந்தக் கார்டுக் கட்டு என் தலையில் விழுந்தது. ஆறு மாதம் தாக்குப்பிடித்தேன். உன் அப்பாவின் பொறுமை உனக்குத் தெரியாததா. டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். முன்பே பதில் அளிக்கப்பட்டது, மடல் எண் இத்தனை காண்க என்று. எண்ணை மட்டும் பேனாவால் போட்டால் போதும். ஒரே மூச்சில் இருபது கார்டு முடிந்துவிடும். இதை உனக்கு எழுதவில்லை, எழுதினால் என்ன சொல்வாய் என்று தெரியும்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்து ஆண்டிச்சாமி என்று ஒருவர் இருபத்தொன்றாம் மடலில் சேர்ந்தார். நிலத்தில் கடலை போடுகிற சம்சாரி, நாற்பது வயது இருக்கும். கூரை வீட்டிலிருந்து பக்கத்துப் பனைமரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி, பேட்டரி ரேடியோவில் இலங்கை, மலேசியா எல்லாம் கேட்டு வரிசையாக எழுதி அனுப்புவார். தை மாதம் பதில் எழுதக் கார்டும் வைத்துக் கேட்டார், இடி மின்னல் நேரத்தில் ஏரியல் கம்பியை என்ன செய்வது என்று. அது ஒன்பதாம் மடலில் இருக்கிறது, உன் கையெழுத்து, எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஸ்டாம்ப் குத்தி ஒன்பது என்று போட்டு அனுப்பினேன். மாசியில் அதே கேள்வி. குத்தினேன். பங்குனியில் மறுபடியும். இந்த ஆளுக்கு என்னதான் வேண்டுமாம் என்று அம்மாவிடம் அலுத்துக்கொண்டே, முதல் வரிக்கு மேல் படிக்காமல் அதற்கும் குத்தினேன்.

சித்திரை கடைசியில் அந்தப் பக்கம் கோடை மழை இறங்கியது. பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தலையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான்தேன் ஆண்டிச்சாமி என்றார். ரேடியோப் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார், அது உருகிப்போயிருந்தது. அம்மா கொடுத்த காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் மடல் கிடைக்காமல், மேலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற நம் மன்றத்து வெள்ளைத்துரையிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவரும் பிறகு சேர்ந்தவர்தான், காதில் விழுந்த அளவுக்கு, இடி இடிச்சா கம்பியக் கழட்டி விட்ரணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆண்டிச்சாமி அதையே மனைவி அழகம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்கு இவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் இடி பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் சொன்ன சொல் தவறாமல் எழுந்து போய்க் கம்பியைக் கையால் பிடித்துக் கழற்றியிருக்கிறாள். பனைமரத்தில் இடி விழுந்தது. கனகா, அவள் கம்பியைப் பிடித்த கையோடு கிடந்தாளாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவர் கேட்டது இதுதான். அண்ணே, நான் கழட்டச் சொன்னது சரியா தப்பா, அம்புட்டு மட்டும் சொல்லுங்க, ஊருல ஆளுக்கொண்ணு சொல்றாக, உங்களுக்குத்தேன் தெரியும். கழற்றச் சொன்னது சரிதான், இடிக்கு யார் என்ன செய்ய முடியும், அது விதி என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு சின்ன இளக்கம் தெரிந்தது. அப்ப வாரேண்ணே என்று எழுந்து போனார். ஆறிப்போன காபியை அம்மா எடுத்துக் கொட்டினாள்.

அவர் போனபின் கார்டுப் பெட்டியைக் கவிழ்த்து அவருடைய மூன்றையும் எடுத்தேன். மூன்றாவதில் இரண்டாம் வரியிலேயே எழுதியிருக்கிறார், அண்ணே ஒன்பதாம் நம்பர் என்னிடம் இல்லை, நான் பிந்திச் சேர்ந்தவன், தயவு செய்து கார்டிலேயே எழுதவும் என்று. பிறகு ஒன்பதாம் மடலைத் தேடினேன். பரணில், பீரோ மேலே, உன் பழைய காலேஜ் பெட்டியில், எங்கும் இல்லை. இருபது பிரதிதான் போட்டோம், ஸ்டென்சிலை அப்போதே கிழித்தாயிற்று. என்னிடமே இல்லாத ஒன்றைப் பார் பார் என்று ஊருக்கெல்லாம் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். அன்றோடு மடல் போடுவதை நிறுத்தினேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஆடியில் அவரிடமிருந்து, பதில் எழுதக் கார்டும் வைத்து, ஒரு கேள்வி வந்தது. அண்ணே, நான் கழட்டச் சொன்னது சரியா தப்பா. நேரில் சொன்னேனே என்று எழுத எனக்குக் கை வருமா. புதிதாகக் கேட்டதுபோல, அவர் ஊர் பெயரைப் போட்டு, நீங்கள் சொன்னது சரிதான் என்று ஒரு பக்கம் எழுதினேன். ஆவணியில் அதே கார்டு, அதே பதில். போன வாரம் மறுபடியும். ஒரு தடவைகூட எனக்குச் சலிப்பு வரவில்லை. வர வேண்டிய காலத்தில் வராத பொறுமை இப்போது வந்து, அதைக் கொண்டு பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியதை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, இதுதான் அவருக்குப் பதிலா என்று கேட்டாள். வேறு என்ன எழுதச் சொல்கிறாய் என்று எரிந்து விழுந்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் நான் ரேடியோ போட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

நேற்றுக் காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அங்கே பஞ்சர் கடை வைத்திருக்கிற சுருளி ஓடிவந்தார். அவரும் நம் மன்றம்தான், இந்த வருஷம் சேர்ந்தவர். கடையிலிருந்து எதிர் மாடிக்கு நீளமாகக் கம்பி கட்டியிருக்கிறாராம், பெருமையாகக் காட்டினார். காட்டிவிட்டு, அண்ணே, ஐப்பசி வருதுல்ல, இடி இடிச்சா இதை என்ன செய்யிறது என்று கேட்டார். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவரிடம் எல்லாம் சொல்லி, என்ன சொன்னேன் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கிளம்பினேன். சரிண்ணே, எம்புட்டு தடவை சொல்லுவீக என்று அவரே சிரித்தார். வீட்டுக்கு வந்து மன்றப் பதிவேட்டைப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தைந்து பேர் ஒன்பதாம் மடலுக்குப் பின் சேர்ந்தவர்கள். எல்லார் வீட்டிலும் கம்பி இருக்கிறது. மழைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

மடல் போட்டாக வேண்டும். போட்டால் ஆண்டிச்சாமி படிப்பார், அவர் சந்தாவை நிறுத்தவே இல்லை. இடி தொடங்கியபின் கம்பியைத் தொடக் கூடாது என்று அதில் இருக்கும். தன் வாயால் சொன்ன சொல்தான் அழகம்மாளைக் கொன்றது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிடும், நான் நாலு தடவை பொய் சொன்னதும் தெரிந்துவிடும். நேற்று ராத்திரி அந்த ஒரு வரியை எத்தனை விதமாக எழுதிப் பார்த்தேன் தெரியுமா. தொடாமல் இருப்பது நல்லது என்று மெலிதாக எழுதினால் சுருளி போன்றவர்கள் சட்டை செய்ய மாட்டார்கள். அழுத்தி எழுதினால் ஆண்டிச்சாமி தாங்க மாட்டார். அவருக்கு மட்டும் அனுப்பாமல் விட்டுவிடலாமா என்றுகூடப் புத்தி போயிற்று. வெள்ளைத்துரை காட்டிவிடுவார். அது மட்டுமில்லை, அவருக்கு ஒரு மடல் சேராமல் போனது போதும்.

அதனால் அழுத்தியே எழுதிவிட்டேன், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். புதன்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், நாளைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலை முதல் பஸ்ஸில் கொட்டாம்பட்டி போகிறேன். நீங்கள் சொன்னது தப்புத்தான் ஆண்டிச்சாமி, ஆனால் அந்தத் தப்பு உங்களுடையது இல்லை, மூன்று தடவை கேட்டும் சொல்லாதவன் நான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறேன். மன்னிப்பு எதிர்பார்த்துப் போகவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். மறுபடி மறுபடி அதையே கேட்டாரானால், கேட்கிற வரைக்கும் உட்கார்ந்து சொல்வேன், உண்மையைத்தான் சொல்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது கனகா. அம்மாவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவள் வழிக்குத் தயிர்சாதம் கட்ட அரிசி எடுத்து வைத்தாள், இரண்டு பேருக்குக் காணும் அளவுக்கு.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். குழந்தையை இந்தக் கிழவன் மடியில் ஒரு தரமாவது போட லீவு கிடைக்கும்போது வாருங்கள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று மறக்காதே. உங்கள் குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து மாமரத்துக்கு ஏரியல் கம்பி கட்டியிருப்பதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். மேகம் கூடும்போதே, முதல் இடி கேட்பதற்கு முன்னாலேயே, கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே பூமியில் அடித்த இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இடி தொடங்கிவிட்டால் கம்பியையும் தொடக் கூடாது, ரேடியோவையும் தொடக் கூடாது, பெட்டி எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டும். இதை முதலில் எழுதியவளே நீதான், உனக்குத் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு தடவை படி, மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, பக்கத்து வீட்டில் கம்பி இருந்தால் அவர்களுக்கும் சொல். புரிந்தது என்று ஒரு வரி எழுதிப் போடு. வராவிட்டால் திரும்பவும் எழுதுவேன்.

உன் அப்பா,
கு. ராமமூர்த்தி