வெள்ளிமலையில் குட்டி ரக்பி

ஜூலை 14, திங்கள்

மலை மேல் தூறல். பேருந்துக் கண்ணாடியெல்லாம் பனி. மடியில் பந்து மூட்டை. நடத்துநர் அமுக்கிப் பார்த்து, "இன்னா டீச்சர், பலாக்காயா?"

"ரக்பி பந்துண்ணே."

"ஓகோ." நகர்ந்துவிட்டார்.

என் பள்ளியில் பெரிய பிள்ளைகள் ஏற்கெனவே ஆடுகிறார்கள். இப்போது ஆசை, அடுத்த கட்டடத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுக்க. மூன்று, நான்கு வயது. மோதல் கிடையாது, தள்ளுவது கிடையாது. இடுப்பில் ஆளுக்கு இரண்டு துணிப்பட்டை செருகியிருக்கும். பந்தோடு ஓடுபவரின் பட்டையை உருவினால் பிடித்துவிட்டதாகக் கணக்கு. பந்தோடு கடைசிக் கோட்டைத் தொட்டால் வெற்றி. அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாக்கள் கூட்டம். அங்கன்வாடி டீச்சர் தனம் அக்கா கூட்டி வைத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள், வள்ளி தவிர. நாலு வயது யாழினியின் அம்மா. பள்ளிக்கு எதிரே மரவள்ளிக் காட்டில் கூலி வேலை.

"வுழுந்து கை ஒடிஞ்சா யாரு டீச்சர் பாக்கறது? எலும்புன்னா கீழ கள்ளக்குறிச்சிக்குத்தான் தூக்கினு போவணும். நான் வேலைக்குப் போவ வேணாமா?"

"விழாம பாத்துக்கறேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. விழாத குழந்தை எங்கே இருக்கிறது?

வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றாள். இன்றைக்கு அது போதும்.

ஜூலை 15, செவ்வாய்

பட்டைகள் என் பழைய புடவையில் கிழித்தவை. மஞ்சள், சிவப்பு. நன்றாகத்தான் இருந்தன.

முதல் நாள், படுதோல்வி. கவின் யாழினியின் பட்டையை உருவினான். அவள் அழுதாள். அதைப் பார்த்து பூஜா. பிறகு எல்லாரும். உருவின கவினும் சேர்ந்து அழுதான்.

"என்னுது குடு. என்னுது குடு."

அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை, திருட்டு. தனம் அக்கா ஆளுக்கொரு சத்துமாவு உருண்டை கொடுத்து அடக்கினார். எனக்கும் ஒன்று.

மலை இறங்கும்போது பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜூலை 17, வியாழன்

நேற்று முழுக்க மழை. வாங்க வேண்டியவை: விசில், ஊக்கு, சுண்ணாம்பு, எனக்குச் சாக்ஸ்.

இன்று விதியை மாற்றினேன். பட்டையை உருவினவரே திரும்பச் செருகிவிட வேண்டும். அதன் பிறகுதான் ஆட்டம்.

யாரும் அழவில்லை. ஆனால் ஆட்டம் நகரவும் இல்லை. உருவுவதைவிடச் செருகுவதில்தான் எல்லாருக்கும் ஆர்வம். மண்டியிட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, பூ கட்டுவதுபோல் அத்தனை கவனம். பந்து ஓர் ஓரத்தில் கிடந்தது. ஒரு கோழி வந்து அதன் மேல் நின்று பார்த்தது.

கவின் வந்தான். "டீச்சர், ரெண்டுத்தையும் நானே உருவிக்கினேன். யாராச்சும் மாட்டி வுடுங்க."

நல்ல நாள்.

ஜூலை 18, வெள்ளி

வெயில். எழுதக் கை வரவில்லை, ஆனாலும்.

யாழினிக்கு முதல்முறை பந்து கிடைத்தது. "கோட்டுக்கு ஓடு" என்றேன். ஓடினாள். கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. வேலி ஓட்டையில் நுழைந்து, ரோட்டுக்கு, அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டுக்குள். ஒரு ஜீப் பிரேக் போட்ட சத்தம். பிள்ளைகளைத் தனம் அக்காவிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே நான். கால் தரையில் பாவவில்லை.

களை வெட்டிக்கொண்டிருந்த வள்ளியின் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. பந்தை விடவில்லை.

வள்ளி என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "ரோட்டத் தாண்டி வந்துகீது, டீச்சர்."

கையிலிருந்த களைக்கொட்டை அங்கேயே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பந்தை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு.

இன்னும் காதில் அந்த பிரேக் சத்தம்.

ஜூலை 19, சனி

பள்ளி விடுமுறை. ஆனாலும் மலைக்குப் போனேன். தனம் அக்காவின் வீட்டுக்காரரும் நானும் வேலி ஓட்டையைக் கம்பியால் இறுக்கிக் கட்டினோம். உள்ளங்கையில் இரண்டு கீறல்.

பிறகு வள்ளி வீடு. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். வேலியைக் கட்டியாயிற்று என்றேன். "பாத்தேன்" என்றாள்.

யாழினி எட்டிப் பார்த்தாள். முழங்காலில் மஞ்சள் பற்று.

"கோட்டாண்ட ஏன் நிக்கல, கண்ணு?"

"அங்க யாருமே இல்ல. அம்மாவாண்ட குடுக்கலாம்னு போனேன்."

வள்ளி சட்டென்று முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இந்த வயதுக்குக் கோடு என்பது வெறும் சுண்ணாம்பு. ஓடிப் போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும்.

"நீங்க வந்து நிக்கறீங்களா, வள்ளி? கோட்டுக்கு அந்தப் பக்கம்?"

"எனக்கு வேல கீது."

"எவ்ளோ சீக்கிரம் வேணும்னாலும் வெச்சிக்கலாம்."

அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். "பொதங்கெழம காட்டுக்குப் போறதுக்கு முன்ன வரேன். ஒரு நாளுதான்."

ஜூலை 23, புதன்

முதல் பேருந்து. தூக்கக் கலக்கம். மேலே சாரல் விட்டிருந்தது. எங்களுக்காகத் தனம் அக்கா சீக்கிரமே திறந்து வைத்திருந்தார்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வள்ளி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள்போல விறைப்பாக. விசில் ஊதினேன். பந்து கவின் கையில். ஆனால் யாழினி ஓடினாள். அவளைப் பார்த்து பூஜா. பிறகு பந்து இருந்தவர், இல்லாதவர், பட்டை விழுந்தவர், எல்லாரும் ஒரே திசையில். வள்ளிக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் குனிந்து இரண்டு கையையும் விரித்தாள்.

மொத்தமாகப் போய் மோதினார்கள். வள்ளி மல்லாக்க விழுந்தாள், ஈரப் புல்லில். மேலே எல்லாப் பிள்ளைகளும்.

பதறிப்போய் ஓடினேன். "அடி பட்டுச்சா, வள்ளி?"

"படல." அடியிலிருந்து சிரிப்புச் சத்தம்.

தூக்கிவிடக் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை.

"இருங்க டீச்சர். கொஞ்ச நேரம் இப்படியே கெடக்கறேன்."