வெட்டப்பட்ட கடைசி வரி

மஸ்கட்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் நம் பாப்பாவும் சௌக்கியம்தானே? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

"கார்த்திகை தீபத்துக்கு லீவு குடுத்துட்டாங்களாமே, வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டேன்" என்று நேற்று போனில் சொன்னீர்கள். லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் ஊருக்கு வரும் வேங்கிக்கால் சுருதி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

'தீபம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வளைகுடா முதலாளிகள் கெஞ்சுகிறார்கள்' என்று நீங்கள் படித்தது நையாண்டிச் செய்தி. லீவே தராதவர்களைக் கேலி செய்து ஒருவர் எழுதியது. கடைசி வரியில் 'சிரிக்க மட்டும்' என்று போட்டிருந்தார். அறையில் எல்லோரும் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். யாரோ அந்த வரியை வெட்டிவிட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுதியவர் ஏமாற்றவில்லை மாமா, வெட்டியவர்தான் ஏமாற்றிவிட்டார்.

அக்கா திரும்பும்போது கொஞ்சம் வடகம் கொடுத்தனுப்புங்கள். பாப்பாவின் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

அக்கா கிளம்பி, கடிதத்துக்காக வாசலில் நிற்கிறாள். இன்னொன்று மாமா. போன வருடம் நீங்கள் அனுப்பிய வீடியோவில், மலைமேல் தீபம் தெரிந்ததும் பாப்பா "அம்மா எங்கப்பா?" என்றாள். அதோடு வெட்டியிருந்தீர்கள். இந்த வருடம் முழுசாக அனுப்புங்கள். அழுதால் அழட்டும்.

அன்புச்செல்வி