அத்தான் எடுத்துக்கொண்ட வாதம்

மார்ச் 4

அத்தானின் புத்தகம் நூலகத்தில் புதிய வரவுத் தட்டில் இருந்தது. பெருமையாகத்தான் எடுத்தேன். நின்றபடியே புரட்டி ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தேன். அது என்னுடையது. வாக்கியம் வாக்கியமாக இல்லை, அவ்வளவு முட்டாள் இல்லை அவர். ஆனால் வாதம் என்னுடையது. எதற்குப் பின் எது, எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது, எல்லாம். ஓடுகிறவனின் புகைப்படம் என்ற உதாரணம்கூட.

முன்னுரையில் ஊரெல்லாம் நன்றி. அக்காவுக்கு, "பொறுமைக்காக". எனக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 5

வகுப்பில் ஒரே வரியைப் பலகையில் இரண்டு முறை எழுதினேன். பின்பெஞ்சில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 7

நடந்ததை எழுதிவிடுகிறேன், கோபத்தில் எனக்கே குழம்பிப் போவதற்குள்.

போன வருடம் அக்கா வீட்டில் ஒரு ஞாயிறு மதியம். அத்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர், நான் அங்கேயே தத்துவம் சொல்லிக்கொடுப்பவள். அணுக்களின் உலகை ஆளும் குவாண்டம் விதிகளில் காலத்தைத் திருப்பலாம், அது முடிந்த கதை என்றார். அவ்வளவு சுலபமில்லை என்றேன். இரண்டு பந்துகள் மோதும் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அதுவும் நடக்கக்கூடிய ஒன்றாகவே தெரியும். குவாண்டத்தில் படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கணத்தின் நிலையையும் தனியாகப் பிடித்து, அதில் உள்ள கற்பனை எண்ணின் குறியை, கூட்டலைக் கழித்தலாக, மாற்ற வேண்டும். அப்போதுதான் கணக்கு ஒத்துவரும். சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். காலத்தைத் திருப்புவது என்றால் கணங்களின் வரிசையை மாற்றுவதுதான், கணத்துக்குள் ஏன் கை வைக்கிறாய் என்று கேட்கிறார்கள்.

என் பதில் இது: ஓடுகிறவனின் புகைப்படத்தில் வேகம் தெரியாது. ஆனால் குவாண்டம் நிலை வெறும் புகைப்படம் இல்லை. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதும் அந்த ஒரு கணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே வரிசையைத் திருப்பினால் ஓடுகிறவனையும் திருப்பியாக வேண்டும். திருப்பாவிட்டால் ஆற்றல் தலைகீழாகிவிடும், விழுகிற பொருளுக்குத் தரையே இருக்காது. எனவே குறியை மாற்றச் சொல்வது நாமல்ல, இயற்கையே கட்டாயப்படுத்துகிறது.

அத்தான் சிரித்தார். "தத்துவக்காரங்க பொழுதுபோக்கு" என்றார். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நானும் உச்சி குளிர்ந்து, மேஜைமேல் கரண்டியால் கோடு போட்டுக் காட்டினேன். இளிச்சவாய்.

சாட்சி அக்கா மட்டும். பல் டாக்டரான அவள் அப்போது போனில் யாரோ நோயாளிக்குப் பல்வலி மாத்திரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12

நேரிலேயே கேட்டுவிட்டேன். அவருடைய அறையில், கதவைச் சாத்திவிட்டு.

"கருத்துங்கறது காத்துல இருக்கும்மா. யாரு கைக்கு அகப்படுதோ அவங்களுது" என்றார். கோபம்கூட இல்லை. டீ வேண்டுமா என்று கேட்டார்.

அந்த "ம்மா". அந்த ஒரு "ம்மா"வுக்காகவே இவரை விடமாட்டேன்.

மார்ச் 26

கண்டுபிடித்துவிட்டேன்.

குறை தேடுவதற்காகவே ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி மறுபடி படித்தேன். அவர் எங்கே சொதப்பியிருக்கிறார் என்று பார்த்தால் எங்கேயும் இல்லை. சொதப்பியது நான். ஆற்றல் தலைகீழாகக் கூடாது என்றேனே, ஏன் கூடாது? திருப்பிய கதையும் அதே விதிக்கு அடங்கியாக வேண்டும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டதால். அதாவது, காலத்தைத் திருப்பலாம் என்று வைத்துக்கொண்டு குறியை மாற்றச் சொன்னேன். குறியை மாற்றிவிட்டு, பார், காலத்தைத் திருப்பலாம் என்றேன். தீர்ப்பை எழுதிவிட்டு சாட்சியைக் கூப்பிட்ட கதை.

வருத்தப்பட வேண்டியவள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். திருடியவர் ஓட்டைப் படகையல்லவா திருடியிருக்கிறார். நடு ஆற்றுக்குப் போகட்டும்.

ஏப்ரல் 9

யாரிடமும் மூச்சு விடவில்லை.

மே 17

அத்தானுக்குப் பல்கலைக்கழகத்தில் தனி ஆய்வு இருக்கை தரப்போகிறார்களாம், பெரிய பதவி. அதற்கு முன் செப்டம்பரில் பொது உரை. தலைப்பு, ஐந்தாம் அத்தியாயம். அக்கா போனில் இதையே இரண்டு முறை சொன்னாள். நானும் வாழ்த்துச் சொன்னேன். என் குரலில் ஒரு பிசிறும் இல்லை. இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 20

அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் உரைக்கான படங்களை மடிக்கணினியில் காட்டினார். "உன் கண்ணுக்கு ஏதாவது உறுத்துதா பாரு" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

ஓட்டை அந்தத் திரையில்தான் இருந்தது, விரல் வைத்தால் தொடலாம்.

அருமை, ஒன்றும் மாற்றாதீர்கள் என்றேன். அக்கா எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 30

உலகமே பின்னோக்கி ஓடினால் அத்தான் வகுப்பு மேடையிலிருந்து பின்னால் நடந்து வருவார், அச்சான பக்கங்கள் வெள்ளைத் தாளாகும், என் சொற்கள் அவர் காதிலிருந்து கிளம்பி என் வாய்க்குத் திரும்பும். விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம். அவர் முன்னோக்கியே போகட்டும். விழ வேண்டும். நான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 18

அரங்கம் நிறைந்திருந்தது. தலைமை, இயற்பியல் துறைத்தலைவர். வெயிலிலும் குடையோடு வருவதால் குடைக்காரர் என்போம். அத்தான் நன்றாகவே பேசினார். என் வாதத்தை என்னைவிட நன்றாகச் சொன்னார், அதுவும் எரிந்தது.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். ஒலிவாங்கி வந்தது. எதை நிறுவ வந்தீர்களோ அதையே முதல் படியில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று, படிப்படியாகக் கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. தண்ணீர் குடித்தார். குடைக்காரர் குறிப்பெழுதுவதை நிறுத்தினார். ஆறு மாதம் இதற்காகத்தானே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தான் சிரித்தார்.

"உண்மையைச் சொல்லிடறேன். இந்த வாதமே இவங்களோடதுதான். எங்க வீட்ல சாப்பிடும்போது சொன்னாங்க, நான் நம்பி எடுத்துக்கிட்டேன். தப்பு எங்கன்னு இவங்களே விளக்கினா நல்லாயிருக்கும்."

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். முழுசாக இருந்தவரை அவருடையது, உடைந்ததும் என்னுடையது! என்ன மனுஷன்டா இவன். ஒலிவாங்கி இன்னும் என் கையில். ஆமாம், என்னுடையதுதான், தப்பும் என்னுடையதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல?

வெளியே வரும்போது குடைக்காரர் அத்தானிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது: "அப்போ புத்தகத்துல அவங்க பேரு ஏன் இல்ல?"

செப்டம்பர் 19

அக்கா என் அலுவலக அறைக்கே வந்துவிட்டாள். மருத்துவமனைக் கோட்டுகூடக் கழற்றவில்லை. உட்காரவில்லை.

"அவர் எடுத்தது தப்பு. அத நான் வீட்ல கேட்டுக்கறேன். நீ எப்பத்துலேருந்து தெரிஞ்சு வச்சிருந்த?"

மார்ச் என்றேன்.

"ஓட்டையப் பாத்தா அன்னைக்கே சொல்லணும்டி. பெருசாகட்டும்னு விட்டுட்டு, என் வீட்ல உக்காந்து என் கையால சாப்பிட்டிருக்க."

அவர் எடுத்ததை முதலிலேயே தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லியிருந்தால் என்னை நம்பியிருப்பாயா என்றேன். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். நம்பியிருப்பாளோ? அதை நான் கேட்டுப் பார்க்கவே இல்லையே.

அக்டோபர் 14

இருக்கையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். புத்தகத்தில் திருத்தம் வரும், என் பெயரோடு. நான் விரும்பியது எல்லாம் கிடைத்தது. சக ஆசிரியர்கள் வாழ்த்தினார்கள். ஆனால் என் எதிரில் எவரும் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நவம்பர் 2

அக்கா போனை எடுப்பதில்லை.

டிசம்பர் 11

அம்மாவுக்கு இன்று கண் அறுவை. அக்கா ஒரு வரிச் செய்தி அனுப்பியிருந்தாள், இடமும் நேரமும் மட்டும். போனேன்.

காத்திருக்கும் இடத்தில் அத்தான் இருந்தார். இளைத்திருந்தார். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த ஓட்டைய அடைக்க முடியுமா?"

"முடியல."

"நானும் பாத்தேன். எப்படிச் சுத்துனாலும் அங்கயே வந்து நிக்குது."

அளவீட்டுப் பக்கமிருந்து முயன்றீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அக்கா வந்தாள், நேரே காபி இயந்திரத்துக்குப் போனாள். ஒரே ஒரு கோப்பையோடு திரும்பினாள். எங்கள் இருவருக்கும் நேர் எதிரே உட்கார்ந்து, ஊதி ஊதி, அவசரமே இல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இயந்திரம் பத்தடியில்தான் இருந்தது. எழுந்துபோய் வாங்கிக்கொள்ள அவருக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை.