ஓடுதளத்தில் ஒரு காலடி

கோபக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமான்னு கேக்கறதுக்குள்ள போனை வெச்சுடறே, அதனாலதான் இந்தக் கடுதாசி. பேரனைப் பாத்துக்க நீ மக வீட்டுக்குப் போயிருக்கறதா அக்கம்பக்கத்துல சொல்லியிருக்கேன். யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லு.

விமான நிலையத்துல பழைய ஓடுதளத்தை உடைக்கிற வேலைதான் இப்ப. நம்ம கல்யாணமான புதுசுல நான் கான்கிரீட் போட்ட அதே தளம். அதை உடைச்சு, கிரஷர்ல அரைச்சு, அந்த ஜல்லியைப் புதுத் தளத்துக்கே போடறாங்க.

முந்தாநாள் ஓரத்துல ஒரு பாளத்தைப் பெயர்த்தோம். அதுல ஒரு காலடி, அஞ்சு விரலும் அச்சு அசலா. அன்னிக்கு நீ சாப்பாட்டுக் கேரியரோட ஈரக் கான்கிரீட்ல ஏறினதும், "எவன்டா மிதிச்சது?"ன்னு மேஸ்திரி கத்தினதும், நான் "நாய்ங்க"ன்னு சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சு. முப்பது வருஷமா ஒவ்வொரு சண்டையிலயும் நீ இதைச் சொல்லுவே. போன மாசமும் "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை"ன்னு சாதிச்சேன். நீயும் பெட்டியைத் தூக்கிட்டே.

நடந்திருக்கு. ஒத்துக்கறேன்.

"யார் கால் இது?"ன்னு இன்ஜினியர் கேட்டார். சுத்தி பத்துப் பேர். வாய் வரைக்கும் நாய் வந்துச்சு. முழுங்கிட்டு, "என் சம்சாரத்தோடதுங்க"ன்னேன்.

அவர் சிரிச்சுட்டு, அந்தத் துண்டை மட்டும் அரைக்க வேணாம்னுட்டார். நாலு பேரா தூக்கிட்டு வந்து நம்ம வாசல்ல படியாப் போட்டாச்சு. பக்கத்து வீட்டம்மா ஏறப் பாத்தாங்க, நான் விடலை. நீ வந்து கால் வெச்சுப் பாரு, அளவு சரியா இருக்கும்.

இப்படிக்கு,
அன்னிக்குப் பொய் சொன்ன நாய்