மீன் சட்டியில் அவித்த பழம்

1938, மாசி மாதம். வெள்ளி இரவு.

இன்று வள்ளி சாப்பிட்டாள். இதை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகும் என் பெண்சாதிக்கு வாய்க் கைப்புப் போகவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மீன் கேட்பாள், பத்தியம் முடியும்வரை மீன் கூடாது. பழத்தை அவித்துக் கொடுத்துப் பார்க்கும்படி மருந்து கொடுத்த அப்போதிக்கரி ஐயா சொன்னார்.

அடுப்படி எனக்குப் புதிது. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் வாங்கிய பப்பாசியையும் அன்னாசியையும் நறுக்கி, கறுவாப்பட்டை போட்டு, கைக்கு எட்டிய சட்டியில் குழைய அவித்தேன். ஆறியதும் தேன் விட்டுக் கொடுத்தேன்.

ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இது எந்தச் சட்டியில வெச்ச நீங்க?"

"அடுப்புக்குப் பக்கத்தில கவிழ்த்துக் கிடந்ததில."

"ஐயோ, அது மீன் சட்டியெல்லோ! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அந்தச் சட்டியைத் தொடுவதே இல்லை. எவ்வளவு கழுவினாலும் மண்சட்டி மீன் வாசத்தை விடாது. கோப்பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்; சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இரிக்கா?" என்று கேட்டாள்.

பிள்ளையாரே, உனக்குக் கோடி கும்பிடு.

"நாளைக்கு மரக்கறிச் சட்டியில வெக்கிறன்" என்றேன், படுக்கப்போகும்போது.

கண்ணை மூடிக்கொண்டே, "வேணாம். அதே சட்டியில வையுங்க" என்றாள்.

வைக்கிறேன். பிள்ளையார் மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும்.