மூன்று பக்கம் அர்த்தம்

காரைக்கால்
12-1-1974

பிரியமுள்ள ஆத்ரியேன் அண்ணனுக்கு,

ஐரேன் எழுதிக்கொள்வது. நான் சுகம். அந்தப் பிரான்ஸ் தேசத்துத் தூலோன் குளிரில் மப்ளர் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

ஆபீசில் எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். இங்கிலீஷ் பரீட்சையில் மூன்றாவது தடவையும் கோட்டைவிட்டால் டைப்பிஸ்ட் வேலை போய்விடும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தது என் குற்றமா? நேற்று அகராதியைத் திறந்தால் ‘செட்’ என்று ஒரு பொடி வார்த்தை, அதற்கு மூன்று பக்கம் அர்த்தம்! சூரியன் மறைந்தால் அதுதான், முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டினால் அதுதான், சாப்பாட்டு மேசையில் தட்டு வைத்தாலும் அதுதான். இவர்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? அழுகையாக வருகிறது.

தங்கை
ஐரேன்

தூலோன்
2-2-1974

அன்புத் தங்கச்சிக்கு,

அப்போதே சொன்னேன், கேட்டாயா? அறுபத்திரண்டில் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது என்னோடு பிரெஞ்சுப் பிரஜையாகப் பெயர் கொடுத்திருந்தால் இந்த அவஸ்தை உண்டா? நீ முறுக்கிக்கொண்டாய். நானும் இனி அந்த மண்ணை மிதிப்பதில்லை என்று கப்பலேறினேன். போகட்டும். தேறாவிட்டால் இங்கே வந்துவிடு, காகிதமெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. உன் அண்ணி அனெத் இறந்ததிலிருந்து அது சும்மாதான் கிடக்கிறது.

அண்ணன்
ஆத்ரியேன்

காரைக்கால்
20-4-1974

அண்ணா! தேறிவிட்டேன்!

தபாலைப் பிரித்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். “பாஸா பெயிலா, சொல்லித் தொலைங்கம்மா!” என்று பக்கத்து வீட்டுக் காசியம்மா கத்துகிறாள்.

கேள்வியைக் கேளுங்கள்: அந்த ‘செட்’டை வைத்து நாலு வாக்கியம்! படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து வெளியே மைக் செட் அலறியது. அப்போதுதான் உறைத்தது, பத்து வருஷமாகத் தமிழ் மனுக்களில் அதைத்தானே தட்டிக்கொண்டிருக்கிறேன்! போலகத்து விவசாயி பம்பு செட் கேட்ட மனு, திருவிழாவுக்கு மைக் செட் அனுமதி, பஸ்ஸில் தொலைந்த பல் செட்டுக்கு ஒரு பெரியவர் கொடுத்த புகார். மூன்றையும் எழுதினேன். நாலாவதுக்கு மேசைத் தட்டு கைகொடுத்தது.

இனி ஊரை விட்டு எங்கும் போகவேண்டாம். அப்பாடா! உங்களுக்கும் நிம்மதிதானே?

ஐரேன்

தூலோன்
5-5-1974

ஐரேன்,

மறைக்க மனம் வரவில்லை. நீ தோற்கவேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஒன்றல்ல, மூன்று. இந்த வீட்டில் என்னோடு தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. உன் கடிதம் கண்டதும் முதலில் முகம் தொங்கிப்போயிற்று. கொஞ்ச நேரத்தில் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. உன் பிழைப்பைக் கெடுத்து என் தனிமையைப் போக்கிக்கொள்ளப் பார்த்தேனே! நல்லவேளை, மாதா கேட்கவில்லை. என்னை ஏசு. ஏசியாவது எழுது.

ஆத்ரியேன்

காரைக்கால்
24-5-1974

அட பாவி அண்ணா!

மூன்றா? பாஸாக வேண்டும் என்று நான் ஒன்றுதான் ஏற்றினேன்.

தனியாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்? உங்கள் ராணுவப் பென்ஷன் இங்கேயும் வரும். நம் தெருவிலேயே நாலு பேர் வாங்குகிறார்கள். அந்தச் சபதத்தை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாங்க.

இன்று மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். “இன்னொண்ணு யாருக்கும்மா?” என்றாள் காசியம்மா.

“எங்க அண்ணன் வர்றாரு” என்று சொல்லிவிட்டேன்.

ஐரேன்