மஞ்சள் ரேப் ஒட்டிய கசெற்

மல்வேர்ன், ஸ்காபரோ
மே மாதம், திங்கட்கிழமை

அன்பு மகள் நிலாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் குட்டி அட்சயாவும் மெல்பேர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் சாமிப்படத்துக்கு முன்னால் கேட்டுவிட்டுத்தான் பேனையைத் தொட்டேன். இங்கே அம்மா சுகம், கீதன் சுகம், நானும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் வீட்டோடு கோபித்துக்கொண்டு தனியாக நடக்கிறது. நேற்றுத்தானே வீடியோவில் கதைத்தோம், பிறகு ஏன் இந்த மனுசன் பார்சலுக்குள் கடிதம் வைத்து அனுப்புகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா பக்கத்தில் நிற்பாள், அவள் நிற்காவிட்டாலும் அவளுடைய காது நிற்கும். இது அந்தக் காதுக்கு இன்னும் போகாத விசயம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் சிவப்புப் பேனையை எடுக்காதே, அப்படியே வாசி.

முதலில் வீட்டுப் புதினம். கீதனின் கலியாணத்துக்கு மண்டபம் சரி, ஐயர் சரி, சமையல்காரரும் சரி. அம்மா ஆட்களின் பெயர்ப் பட்டியலை மூன்று தரம் எழுதி நாலு தரம் வெட்டிவிட்டாள். மருமகளாக வரப்போகிற கோபிகா நல்ல பிள்ளை, என்னுடைய பகிடிக்குச் சிரிக்கிறாள், இன்னும் பழகவில்லை அல்லவா. உங்கள் பக்கம் குளிர் தொடங்கப் போகிறது என்று கேள்வி, அட்சயாவுக்குக் காது மூடுகிற தொப்பி போடு, நீயும் போடு. வேலைக்குப் போகிற அவசரத்தில் காரில் வைத்துச் சாப்பிடுகிற பழக்கத்தை விடு. இனி விசயத்துக்கு வருகிறேன், இவ்வளவு நேரம் சுற்றியதே பயத்தில்தான்.

போன மாதம் நீ போன் எடுத்தபோது, கலியாணத்தில் தாலியும் கூறைச்சேலையும் வைத்த தட்டைச் சபைக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்குவது யார் என்று கதை வந்தது. தாய்மாமன் பத்மநாதன் இருக்கிறார்தானே என்று கீதன் சொன்னான். அதற்கு நீ, "அவரிட்டைக் குடுக்காதேங்கோ அம்மா, பஸ்ஸிலை விட்டிட்டு வந்திடுவார்" என்றாய். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் முகம் கழுவினேன், பிள்ளை. இருபத்துமூன்று வருசமாக நீயும் அம்மாவும் அந்த மனிசனுக்கு வைத்த பெயர் 'கசெற்றைத் துலைச்ச மாமா'. நீ பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டின் ஒரேயொரு வீடியோ கசெற்றைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவர். எந்தச் சபையில் கண்டாலும் அம்மா அதை எடுப்பாள். எடுத்து எடுத்து, அவர் எங்கள் வீட்டுப் படி ஏறுவதையே விட்டுவிட்டார். இனி நான் சொல்வதை இருந்துகொண்டு வாசி. கசெற்றை அழித்தது உன் அப்பா.

இது எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் பிரிட்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பார்த்திருக்கமாட்டாய், நீ பள்ளிக்கூடத்தில் நிற்கிற நேரம் மத்தியானம் ஒரு மணிக்குப் போட்ட பழைய இங்கிலாந்துத் துப்பறியும் தொடர். எப்போதும் மழை, கதவு சரியாகப் பூட்டாத ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார், மண்ணிறத் தொப்பி, கையில் சிவப்புக் கட்டம் போட்ட பிளாஸ்க். உன் மாமா கலியாணம் முடிக்கும் மட்டும் எங்களோடுதான் இருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பேக்கரியில் பின்னேர வேலை, பிரிட்லியைப் பார்த்துவிட்டு இரண்டரை பஸ்ஸுக்கு ஓடுவோம். எனக்கு அப்போது இங்கிலீசில் யெஸ்ஸும் நோவும்தான் தெரியும், அதையும் மாறிச் சொல்லுவேன். மாமா பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பார், கொலைகாரனைப் பற்றிச் சொந்தக் கருத்தும் சேர்ப்பார். என்ன அருமையான மனிசன் அந்தப் பிரிட்லி! ஒரு நாளும் ஓடமாட்டார், துவக்கைத் தூக்கிச் சுடமாட்டார், சத்தம் போடமாட்டார். செய்தவன் யார் என்று பிடிபட்டவுடன் விலங்கை எடுக்கிற ஆளில்லை. அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்து, பிளாஸ்க்கின் மூடியைத் திருகி, அதில் தேத்தண்ணீர் ஊற்றி, "குடியுங்கோ, வெளியிலை குளிர்" என்று நீட்டுவார். மூடி யாரிடம் போகிறதோ அவன்தான் குற்றவாளி. மூடி நீண்டவுடன் நானும் மாமாவும் ஒருவருக்கொருவர் தொடையில் அடித்துக்கொள்வோம். அவ்வளவு கெட்டவனுக்கும் ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுத்த பிறகுதான் பொலிஸ். நான் முழுதாகப் படித்த முதல் இங்கிலீஸ் வசனமே அதுதான். பேக்கரிச் சுப்பவைசருக்கு அதைச் சொல்லித் தேத்தண்ணீர் நீட்டினேன், அந்த மனிசன் என்னைப் பெரிய இங்கிலீஸ்காரன் என்று நினைத்து இங்கிலீசிலேயே பத்து நிமிடம் ஏசினார்.

இனிக் குற்றம். உன் சாமத்திய வீடு முடிந்த அந்த வருசம் நவம்பரில், பிரிட்லியின் கடைசிக் கதையை இரண்டு மணித்தியாலமாக ஞாயிற்றுக்கிழமை போடப் போகிறார்கள் என்று ரி.வி.யில் சொன்னார்கள். மாமா அப்போது கலியாணம் முடித்து மிசிசாகா போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ஓவர்ரைம் வேலை. நீயும் அம்மாவும் தம்பியும் கோயிலில். நான் ரி.வி.க்குக் கீழே இருந்த பெட்டிக்குள் கையை விட்டு எழுத்தில்லாத ஒரு கசெற்றை எடுத்து மெசினுக்குள் தள்ளினேன், மெசின் வெளியே துப்பியது. கசெற்றின் ஓரத்தில் சின்னப் பல் மாதிரி ஒன்று இருக்கும், மேலே வேறொன்றும் பதியக்கூடாது என்றால் அதை உடைத்துவிடுவார்கள். உடைத்த ஓட்டையில் பசை ரேப்பை ஒட்டினால் மெசினை ஏமாற்றலாம் என்று மாமாதான் பழைய படக் கசெற்றுகளில் எனக்குக் காட்டித் தந்தவர். இதுவும் அப்படி ஒரு பழைய படம் என்று நினைத்து, பேக்கரிப் பெட்டி ஒட்டுகிற மஞ்சள் ரேப்பில் ஒரு துண்டை வெட்டி ஒட்டி, இரண்டு மணித்தியாலத்துக்கு நேரம் வைத்துவிட்டுப் போனேன். ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்கு ஏழு நிமிடம்தான் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டில் ஒருவரும் இல்லை, வசதியாக இருந்து பார்த்தேன். கடைசிக் கதை, என்ன கதை! பிரிட்லி தன் சொந்தச் சிநேகிதனுக்கு மூடியை நீட்டுகிறார், தேத்தண்ணீர் சிந்துகிறது. நான் கண்ணைத் துடைக்கிறேன். பெயரெல்லாம் ஓடி முடிந்து, திரை ஒரு தரம் புள்ளிபுள்ளியாகி, அதற்குள் இருந்து சேலையும் பூமாலையுமாக நீ வந்தாய். பாதி விட்ட இடத்திலிருந்து மேளம் அடிக்கிறது. எனக்கு வந்த அழுகை அப்படியே உள்ளே போய்விட்டது. உடனே நிறுத்தினேன். வீடியோக்காரருக்குப் போன் எடுத்தால், பழசெல்லாம் அழித்தாயிற்று என்றார். கசெற்றை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அம்மா நல்ல மனநிலையில் இருக்கிற ஒரு நாளில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அப்படி ஒரு நாள் வரவில்லை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை, நான் தேடவுமில்லை.

அதற்குள் மாமா வந்து, தன் மனிசியின் வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு அந்தக் கசெற்றைக் கொண்டுபோய்விட்டார். நான் வேலையில் நின்றேன். கேள்விப்பட்டு ஒரு கிழமை எனக்குப் பாண் கூட இறங்கவில்லை, பேக்கரிக்காரனுக்கு. அடுத்த ஞாயிறு மாமா வந்தார். அம்மா கசெற் எங்கே என்று கேட்டாள். மாமா என்னை ஒரு தரம் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன். "பஸ்ஸிலை விட்டிட்டன் அக்கா" என்றார். அம்மா ஏசத் தொடங்கினாள், நீ அழத் தொடங்கினாய், எனக்கோ அந்தப் பஸ்ஸைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. என் குற்றத்தை ஏற்றிக்கொண்டு போன பஸ். அவர் தொலைத்தது எப்படியும் தொலைத்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இவ்வளவு வருசமும் வாய் திறக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னால் கீதன் என்னை மிசிசாகாவுக்குக் கூட்டிப்போனான். பிரிட்லி தொடங்கி ஐம்பது வருசமாம், ஒரு ஹோட்டல் மண்டபத்தில் அவருடைய பழைய சாமான்களுக்குச் சந்தை. நீ பார்த்திருக்க வேண்டும். தகரத்தில் சின்னச் சாம்பல் கார், கதவு உண்மையாகவே பூட்டாது. தொப்பி கீறிய கோப்பை, பழைய நாட்காட்டி, ஒரு துண்டு குறைந்த படப்புதிர், பிளாஸ்க் மட்டும் ஒரு மேசை நிறைய. ஒவ்வொன்றும் எந்தக் கதையில் வந்தது என்று ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள், கோயில் திருவிழா தோற்றுப்போகும். எல்லா வெள்ளைக்காரரும் மண்ணிறத் தொப்பி. அதில் ஒரு தொப்பிக்குக் கீழே மட்டும் திருநீறு. உன் மாமா! தலை நரைத்துவிட்டது, வயிறு என்னைவிட முன்னுக்கு வந்துவிட்டது. கீதன் சாப்பாடு வாங்கப் போக, நாங்கள் இரண்டு பேரும் ஒரு மூலையில் இருந்து பழைய கதைகளைக் கதைத்தோம். அந்தத் தோட்டக்காரன் கதை, அந்தப் பாலத்துக் கதை என்று நேரம் போனதே தெரியவில்லை. கடைசிக் கதை வந்தவுடன் நான், அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

மாமா பைக்குள் இருந்து சிவப்புக் கட்டம் போட்ட பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகினார். ஆவி பறக்கப் பறக்கத் தேத்தண்ணீர் ஊற்றினார். ஊற்றி, அந்த மூடியை என்னிடம் நீட்டி, "குடியுங்கோ அத்தான், வெளியிலை குளிர்" என்றார். வெளியில் நல்ல வெயில், பிள்ளை.

நான் வாங்கிக் குடித்தேன், வேறென்ன செய்ய. "அந்த மஞ்சள் ரேப்பை வேறை ஆர் ஒட்டுவினம்? ரெண்டுபேரும் எட்டு வருசம் அதாலைதானே பெட்டி ஒட்டினாங்கள்" என்று சொல்லிச் சிரிக்கிறார். கசெற் ஒரு பஸ்ஸிலும் போகவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்து, பிரிட்லி வந்தவுடனே எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். "தம்பியெண்டால் அக்கா ரெண்டு நாள் ஏசிப்போட்டு விட்டிடுவா, புருசனெண்டால் சாகுமட்டும் விடமாட்டா எண்டு நினைச்சன்" என்றார். அந்த ஒரு இடத்தில்தான் துப்பறிவாளர் பிழை விட்டார், அக்கா தம்பியையும் விடவில்லை. திருப்பியாவது தந்திருக்கலாமே என்று கேட்டால், கடைசிக் கதையை மூன்று தரம் பார்த்துவிட்டாராம், தர மனம் வரவில்லையாம். பிரிட்லியை நான் எவ்வளவோ மெச்சியிருக்கிறேன். அவரெல்லாம் கதை எழுதுகிறவன் சொன்னதைச் செய்தவர். இந்த மனிசனுக்கு ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அன்றைக்கே அவருடைய வீட்டுக்குப் போய்க் கசெற்றை வாங்கிவந்தோம். மஞ்சள் ரேப் இன்னும் விடாமல் ஒட்டியிருக்கிறது. கீதன் அதைப் பிளாசாக் கடையில் கொடுத்து, கொம்பியூட்டரில் குத்திப் பார்க்கிற ஒரு சின்னத் துண்டில் ஏற்றினான். அதுதான் இந்தப் பார்சலில் இருக்கிறது. சந்தையில் வாங்கிய தகரக் காரும் இருக்கிறது, அது அட்சயாவுக்கு, நீ எடுத்து ஒளிக்காதே.

பிரிட்லி முடிந்த பிறகு உன் சாமத்திய வீட்டில் இருபது நிமிடம் மிச்சம் இருக்கிறது. நான் அன்றைக்கு நிறுத்தியதால் இப்போதுதான் பார்த்தேன். ஆட்கள் வந்து உனக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற இடம். நீ அப்போது தடித்த மூக்குக்கண்ணாடி போடுவாய், படத்துக்கு அழகில்லை என்று கழற்றி மாமாவிடம் கொடுத்திருக்கிறாய். மேடையின் ஓரத்தில் அவர் நிற்கிறார், நன்றாகப் பார். ஆட்கள் இடிக்கிறார்கள், யாரோ சோடா நீட்டுகிறார்கள், வாங்கவில்லை. வலது உள்ளங்கையில் உன் கண்ணாடி, இடது கையால் மேலே பொத்திக்கொண்டு இருபது நிமிடமும் அப்படியே நிற்கிறார்.

மகளே, அப்பா செய்தது பிழை, செய்ததைவிடச் சும்மா இருந்தது பெரிய பிழை. நீ என்னோடு கோபிக்கலாம், இரண்டு மாதம் தருகிறேன், கலியாணத்துக்கு வரும்போது முடித்துக்கொண்டு வா. வருகிற ஞாயிறு மாமாவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், அவருக்கு முன்னால் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அவள் பிரிட்லி பார்க்காதவள், மூடியில் தேத்தண்ணீர் கொடுத்தால் சீனி போதாது என்பாள், ஆகவே வாயால்தான் சொல்ல வேண்டும். இந்தப் பார்சல் உனக்கு வர முன்னர் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நான் சில நாள் வீடியோவில் வராவிட்டால் பயப்படாதே, உயிரோடுதான் இருப்பேன். கூறைத்தட்டை யார் கையில் கொடுப்பது என்று அம்மாவுக்கு நீயே சொல்லு, அவள் என் சொல்லை இனிக் கொஞ்ச நாளைக்குக் கேட்கமாட்டாள்.

நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அட்சயாவுக்குத் தாத்தாவின் முத்தம் இரண்டு கன்னத்திலும். படத்தைக் கடைசி மட்டும் பார், இடையில் நிறுத்தாதே, உன் அப்பா செய்த பிழை அது. கடைசியில் நீ மேடையால் இறங்கி வருகிறாய், மாமா சால்வைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து உன் கையில் தருகிறார். அதைப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் எடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
இரத்தினவேல்